தறிவீட்டுக்கு ஒரு கணினி: கொட்டேஷனில் இல்லாத கணக்கு

2024 சித்திரை மாதம். சித்தி மகள் ஒரு தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். சேலத்தில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். கீழே ஒரு வரி: "அண்ணா, இது சரியா இருக்கா? நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்றாங்க."

தாளில் இருந்தது இது. 13-ஆம் தலைமுறை ஐ7 பிராசசர், 13700எஃப். ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 16 ஜிபி, ஒரே குச்சி. 512 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்). ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் வைத்த கேபினட். '500 வாட் எஸ்எம்பிஎஸ்' (கணினிப் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) என்று மட்டும் ஒரு வரி, எந்தக் கம்பெனி என்று இல்லை. 22 அங்குல மானிட்டர். மொத்தம் 88,000 ரூபாய். ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி'. 18 சதவீதத்தையும் சேர்த்தால் 1,03,840 ஆகிறது. அவள் ஒதுக்கி வைத்திருந்தது 90,000.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. 'கிராபிக்ஸ் வேலைக்கு ஒரு சிஸ்டம்' என்று கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதித் தருவார்கள். பெரிய பெயருள்ள பிராசசர், கண்ணுக்குத் தெரிய ஒரு கார்டு, மிச்சக் காசில் மற்றதெல்லாம். என்ன கிராபிக்ஸ் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அட்வான்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு இளம்பிள்ளைக்குப் போனேன். பையில் ஒரு மல்டிமீட்டர், வீட்டில் சும்மா கிடந்த 8 ஜிபி ராம் ஒன்று, 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று.

மேசைக்குப் பக்கத்தில் அரை நாள்

இளம்பிள்ளை கஞ்சமலைப் பக்கத்து ஊர், சேலைக்குப் பேர்போனது. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கூடவே வரும். இவர்கள் வீட்டிலும் முன்கட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். பின்னறையில் தங்கச்சி டிசைன் போடுகிறாள். சேலை டிசைன் மட்டுமல்ல, ஊரில் உள்ள வியாபாரிகளுக்கு கேட்லாக் படம், ஜவுளிக் கடைகளுக்கு ஃபிளக்ஸ் பேனர் எல்லாம் அந்த ஒரே மேசையில்தான். இருந்த கணினி 2017-இல் வாங்கியது: 7-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 18.5 அங்குல மானிட்டர். பில் போட மாப்பிள்ளைக்கும் அதே கணினிதான் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு சண்டையாவது உண்டு என்றார்கள்.

"எந்த வேலைக்கு ரொம்ப திணறுது?" என்று கேட்டேன்.

"ஜக்கார்டு டிசைன்தான்ணா. அதுதான் பெரிய வேலை."

பெரிய வேலைதான். பாவு நூல்களைத் தனித்தனியாகத் தூக்கி டிசைனை நெய்ய வைக்கும் தறிக்கருவிதான் ஜக்கார்டு. பார்டரிலும் முந்தியிலும் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் என்பது நீளவாக்கில் போகும் ஒரு பாவு நூலும் குறுக்கே போகும் ஒரு ஊடை நூலும் குறுக்கிடும் இடம். முன்பு கட்டத்தாளில் வரைந்து அட்டையில் துளை போட்டார்கள், இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்குக் கோப்பாகப் போகிறது. கண்ணும் விரலும் நோகும் வேலை. ஆனால் கணினிக்கு? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2,688 கொக்கி (பாவு நூலைத் தூக்குவது) அகலம், 10,000 ஊடை நீளம் என்று வைத்தால் ஏறக்குறைய 2.7 கோடிப் புள்ளி. நிறமெல்லாம் எண்ணிட்ட பட்டியலில் இருப்பதால் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் போதும். 27 எம்பி. கல்யாண வீட்டில் எடுக்கும் ஒரு நிமிடக் கைப்பேசி வீடியோ இதைவிடக் கனம். இந்த வேலைக்குப் பழைய கணினியே அதிகம்.

அடுத்தது கேட்லாக் படம். 24 மெகாபிக்சல் கேமரா, 6,000-க்கு 4,000 புள்ளி. ரா கோப்பை (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருப்பது) 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயர், அதாவது படத்தின் ஒரு அடுக்கு, 144 எம்பி. நாலைந்து லேயர் போட்டாலும் சமாளிக்கலாம்.

மூன்றாவது ஃபிளக்ஸ். அதைத் திறக்கச் சொன்னேன். சுட்டியை அழுத்திவிட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இது எனக்கான உபசாரம் என்று நினைத்தேன். இல்லை, தினமும் அப்படித்தானாம். கோப்பு திறக்க ஆறு நிமிடம் ஆனது.

அந்த ஆறு நிமிடமும் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். பிராசசர் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் 97. ஹார்ட் டிஸ்க் 100-இலேயே நின்றது. ஃபோட்டோஷாப்பின் கீழ்ப்பட்டையில் 'எஃபிஷியன்சி' என்று ஒரு எண்ணைக் காட்ட வைக்கலாம், நிறையப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. 100 இருந்தால் வேலை முழுக்க ராமுக்குள் நடக்கிறது என்று பொருள். குறைந்தால், இடம் பற்றாமல் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. பிரஷ்ஷை ஒருமுறை இழுத்ததும் அது 40-க்கு இறங்கியது.

இப்போது அந்தக் கொட்டேஷனைத் திரும்பப் பாருங்கள். காசில் பெரும்பங்கு, சும்மா உட்கார்ந்திருக்கும் பிராசசருக்குப் போகிறது. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் ராமுக்கு 16 ஜிபி, அதுவும் ஒரே குச்சி.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்த்துவிடலாம் என்று கையில் கொண்டு போன ராமையும் எஸ்எஸ்டியையும் பழைய கணினியிலேயே மாட்டினேன். விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ராம் பற்றாதபோது ஃபோட்டோஷாப் எழுதும் இடமான ஸ்க்ராட்ச் டிஸ்கையும் அங்கே வைத்தேன். அதே கோப்பு ஒன்றரை நிமிடத்தில் திறந்தது. பிராசசரை யாரும் தொடவில்லை.

காசில்லாமல் தீர்ந்த பாதி

கோப்பு ஏன் அத்தனை பெரிது என்று பார்க்கத் தோன்றியது. 20 அடிக்கு 10 அடி பேனர், அதை 150 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளி) வைத்துப் போட்டிருந்தாள். அதாவது 36,000-க்கு 18,000 புள்ளி, 64.8 கோடி. அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் ஒரு புள்ளிக்கு நான்கு பைட். முழு அளவு லேயர் ஒன்றே 2.6 ஜிபி. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிக்கு மேல் ஏற்காது. அதனால்தான் எல்லாவற்றையும் பெரிய படங்களுக்கான பிஎஸ்பியாகச் சேமித்து வைத்திருந்தாள். ஏன் அப்படிக் கேட்கிறது என்று தெரியாமலே.

"எதுக்கு 150?"

"கிளியரா இருக்கட்டும்னுதான்."

ஃபிளக்ஸ் அடிக்கும் இடத்துக்குப் போன் போட்டோம். முழு அளவில் 72 போதும், அதற்கு மேல் கொடுத்தாலும் நாங்கள் குறைத்துத்தான் அடிக்கிறோம் என்றார். சாலைக்கு மேலே உயரத்தில் கட்டும் பேனரை யாரும் மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பதில்லை. 72 என்றால் 17,280-க்கு 8,640 புள்ளி, ஒரு லேயர் 600 எம்பி. நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சரி, அப்படியானால் புதுக் கணினியே எதற்கு? நியாயமான கேள்வி, மாப்பிள்ளையும் கேட்டார். பழைய மதர்போர்டில் ராம் மாட்ட இரண்டே இடம். 32 ஜிபி வரை ஏற்றலாம். ஆனால் ஒரு கணினிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வது தீராது. அந்த 7-ஆம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே அறிவித்திருந்தது. பழையது மாப்பிள்ளைக்கு, புதியது தங்கச்சிக்கு என்று முடிவானது. என் ராமும் எஸ்எஸ்டியும் பழைய கணினிக்குள்ளேயே தங்கிவிட்டன. இன்னும் திரும்பி வரவில்லை.

நிறம் எங்கே பிசகியது

வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னொரு புகாரை எடுத்தாள். ஆன்லைனில் வாங்கியவர்கள் "படத்தில் ஒரு கலர், கையில் ஒரு கலர்" என்று சேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள். அரக்கு என்று அனுப்பினால் செங்கல் நிறத்தில் தெரிந்தது என்கிறார்கள். வெள்ளை ஜரிகை பழுப்பேறித் தெரிந்ததாம்.

ஒரு சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அவள் திருத்திய படத்தை என் கைப்பேசியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படம் முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. அதே படம் அவளுடைய மானிட்டரில் சரியாகத் தெரிந்தது. விஷயம் இதுதான்: ஏழு வருடப் பழைய மானிட்டர், டிஎன் பேனல், நீலம் தூக்கலாகக் காட்டுகிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறுகிறது. அந்த நீலத்தைச் சரிக்கட்ட அவள் ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். எத்தனை வருடமாக என்று அவளுக்கே தெரியவில்லை.

என்னைக் கேட்டால் அன்றைய அரை நாளில் கிடைத்த முக்கியமான தகவல் இதுதான். மெதுவான கணினி நேரத்தைத் தின்கிறது, அவ்வளவுதான். மானிட்டர் பொய் சொன்னால் சேலையே திரும்பி வருகிறது, போக வர கூரியர் செலவோடு. கொட்டேஷனில் 22 அங்குலம் என்று மட்டும் இருந்ததே தவிர, என்ன பேனல், நிறம் எவ்வளவு சரியாகக் காட்டும் என்று ஒரு சொல் இல்லை.

அதனால் பட்டியலை மானிட்டரில் இருந்து ஆரம்பித்தோம். 27 அங்குலம், ஐபிஎஸ் பேனல் (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 2,560-க்கு 1,440 புள்ளி, எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளியை, அதாவது நிறங்களின் வரம்பை, ஏறக்குறைய முழுக்கக் காட்டுவது. 20,000 ரூபாய். பிராசசரைவிட அதிகம். இதைவிட அகலமான நிறவெளி காட்டும் மானிட்டரையும் கடையில் காட்டினார்கள். வேண்டாம் என்றேன். இவள் படம் போய்ச் சேரும் இடம் வாட்ஸ்அப்பும் வாங்குபவரின் கைப்பேசியும். அங்கே எஸ்ஆர்ஜிபிதான் பொது மொழி. அகலமான நிறவெளி மானிட்டரைச் சரியாக அமைக்கத் தெரியாமல் வைத்தால் சிவப்பெல்லாம் மிளகாய்ப்பொடி மாதிரி எரியும், அதைக் குறைக்கிறேன் என்று பழையபடி தப்பான பக்கம் திருத்த ஆரம்பிப்பாள்.

இன்னொரு லாபம் நான் எதிர்பாராதது. பழைய திரையின் அகலம் 1,366 புள்ளி. 2,688 கொக்கி டிசைனை முழு அளவில் வைத்தால் பாதிதான் தெரியும், நகர்த்தி நகர்த்திப் போட வேண்டும். 2,560-இல் ஏறக்குறைய முழு அகலமும் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் தங்கச்சி முகத்தில் வந்த சந்தோஷம் வேறெந்தப் பாகத்துக்கும் வரவில்லை.

மானிட்டரோடு முடியவில்லை. அறையின் சுவர் கிளிப்பச்சை. மேலே ஒரு மஞ்சள் பல்பு. கிளிப்பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து கலர் பார்த்தால் கண் எதை நம்பும்? மேசைக்குப் பின்சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கச் சொன்னேன். பல்பை மாற்றி 6,500 கெல்வின் டியூப்லைட். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் நிறம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, வெண்மையை 6,500 கெல்வினுக்கும் திரை வெளிச்சத்தை 120 நிட்டுக்கும் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அமைத்தேன். முதல் நாள் "ரொம்ப மங்கலா இருக்கு" என்றாள். இரண்டு நாளில் பழகிவிட்டது.

மற்ற பாகங்கள்

ராம்: 32 ஜிபி, டிடிஆர்5, 16 ஜிபி குச்சி இரண்டு. ஒரே குச்சியாகப் போட்டால் பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான வழி பாதி அகலத்தில்தான் வேலை செய்யும். நான்கு குச்சி போட்டால் இந்த வகை போர்டில் வேகம் இறங்கும். இரண்டே சரி.

பிராசசர்: ரைசன் 5 7600. ஆறு கோர் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். கொட்டேஷனில் இருந்த ஐ7-க்குப் பதினாறு கோர், ஆனால் ஃபோட்டோஷாப்பில் பெரும்பாலான வேலை ஒன்றிரண்டு கோரின் வேகத்தையே நம்பியிருக்கிறது. அதைவிட எனக்கு உறுத்தியது வெப்பம். அந்த ஐ7 முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும். 7600 முழுக்க முடுக்கினாலும் 88 வாட். சேலம் வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே, ஏசி இல்லாத அறை. சித்திரையில் மதியம் அந்த அறைக்குள் 38 டிகிரி. அப்புறம், பெயரின் கடைசியில் வரும் அந்த 'எஃப்' எழுத்து. அப்படி என்றால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு ஒரு நாள் படுத்துக்கொண்டால் திரையே வராது, வேலை நின்றுவிடும். 7600-இல் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது.

அந்தச் சின்ன கிராபிக்ஸை நம்பித்தான் அடுத்த முடிவு: கார்டு இப்போதைக்கு வேண்டாம். கிராபிக்ஸ் வேலைக்குக் கணினி கட்டிவிட்டுக் கிராபிக்ஸ் கார்டு இல்லையா என்று நண்பர்கள் சிரித்தார்கள். அவள் செய்யும் மூன்று வேலையில் எதுவும் முப்பரிமாணம் இல்லை. ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி அரைகுறைக் கார்டுக்குக் காசைக் கொட்டுவதைவிட, தேவை வரும்போது உருப்படியாக ஒன்று வாங்கலாம். அதற்கு இடம் விட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் 650 வாட்டில் எடுத்தோம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெட்டியில் இருக்கும் '80 பிளஸ்' முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று அது சொல்லாது. பெயர் தெரிந்த கம்பெனி, ஐந்து வருட வாரண்டி என்று பார்த்து வாங்கினோம். 5,500.

டிஸ்க்: 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க் உள்ளே வைக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். காரணம், தரை. அடுத்த அறையில் நான்கு தறி அடிக்கும்போது மேசை மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் வட்டம் போடுகிறது. சுற்றும் தட்டுக்கு மேலே மயிரிழையில் மிதக்கும் தலைக்கு அது நல்லதில்லை. பழைய டிஸ்க் ஏழு வருடம் தாக்குப்பிடித்ததே ஆச்சரியம். அதை ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு, பேக்கப் எடுக்கும்போது மட்டும் தறி நின்ற பிறகு மாட்டி, பிறகு பீரோவுக்குள் வைத்துவிடுகிறாள். அதை மட்டும் நம்பாமல் முக்கியமான டிசைன் எல்லாம் இணையத்தில் உள்ள டிரைவிலும் ஒரு பிரதி.

கேபினட்: கண்ணாடி முகப்பு வேண்டாம், முன்பக்கம் வலை, கழற்றிக் கழுவும் ஃபில்டர். தறிவீட்டில் நூல்தூசு பஞ்சு மாதிரி பறக்கும், ஃபில்டர் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் உள்ளே மெத்தை தைத்துவிடும். சத்தமில்லாத ஃபேன் என்று கூடுதலாக 2,000 கேட்டார்கள். நான்கு தறிக்கு நடுவில் யார் காதில் விழப்போகிறது?

போர்டு பி650, 13,000. ராம் 9,500, எஸ்எஸ்டி 6,500, கேபினட் 4,500, பிராசசர் 18,500, யுபிஎஸ் 6,000. எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் சேர்த்து 83,500, ஜிஎஸ்டி உட்பட. மானிட்டர், எஸ்எம்பிஎஸ், கேபினட் மூன்றையும் சேலத்திலேயே வாங்கினோம். மானிட்டரைக் கடையிலேயே ஓடவிட்டு, கறுப்புத் திரை வெள்ளைத் திரை போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். மற்றவை ஆன்லைன்.

'சுருக்' என்று ஒரு தொல்லை

பழைய கணினியின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கும். "அது எப்பவுமே அப்படித்தான்ணா, செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸில் இருந்து ஒன்றும் நியூட்ரலில் இருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போகும். எர்த் ஒழுங்காக இருந்தால் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் அறுந்திருந்தால் கேபினட்டின் உலோகம் இரண்டுக்கும் நடுவே தொங்கும், ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில். ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னோட்டம் இருக்காது. ஆனால் நிஜமாகவே உள்ளே ஏதாவது பழுதாகி ஃபேஸ் கேபினட்டைத் தொட்டால், அன்றைக்குக் காப்பாற்ற எதுவும் இல்லை. யுஎஸ்பியில் மாட்டும் டேப்லெட்டும் கேமராவும் வீணாவது தனி.

மல்டிமீட்டர் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 70-க்கு மேல். அந்தப் பிளக் பாயிண்டின் எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து தேடியபோது, தறிக்குத் தனி மீட்டர் பிரித்த சமயத்தில் வீட்டுப் பக்கத்து எர்த் ஒயரை வெட்டியதோடு விட்டுவிட்டிருந்தது தெரிந்தது. பழைய எர்த் குழியும் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. புதிதாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, ஒயர் இழுத்துக் கொடுத்தார். கூலியோடு 4,000. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். இப்போது மீட்டர் இரண்டு வோல்ட்டுக்குள் காட்டுகிறது.

எந்தக் கொட்டேஷனிலும் எர்த்துக்கு ஒரு வரி இருக்காது. என் பட்டியலில் முதலில் செய்து முடித்த வேலை அதுதான். அதற்குப் பிறகுதான் பெட்டிகளைப் பிரித்தேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யுபிஎஸ் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். அவர்கள் இன்வெர்ட்டர் சாதாரண முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறையில் வோல்டேஜ் 100 வரை இறங்கினாலும் அது மாறாமல் அப்படியே உள்ளே விடும், மாறும்போதும் மெதுவாக மாறும். மின்சாரம் இல்லாமல் ஒரு எஸ்எம்பிஎஸ் தம் கட்டி நிற்பது 16 மில்லி வினாடி அளவுதான். பின்பக்கம் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால் வேகமாக மாறும். ஆனால் ஃபேன், லைட், டிவி எல்லாம் ஏற்கெனவே அதன் தலையில். கணினிக்குத் தனியாக 1 கேவிஏ யுபிஎஸ், 600 வாட். 600 விஏ வாங்கினால் உண்மையில் 360 வாட்தான் கிடைக்கும், பின்னால் கார்டு வந்தால் மூச்சு வாங்கும்.

மாட்டிய நாள்

வைகாசியில் ஒரு ஞாயிறு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் சாப்பாட்டுக்குள் மாட்டி முடித்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மாப்பிள்ளை என்னைப் பார்க்கிறார், சித்தி வாசலில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். ராமைக் கழற்றி மாட்டலாமா என்று கை பரபரத்தது. நல்லவேளையாக நினைவு வந்தது: இந்த வகை போர்டு முதல்முறை டிடிஆர்5 ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். நடுவில் அணைத்தால் முதலில் இருந்து ஆரம்பிக்கும். நான்காவது நிமிடம் திரை வந்தது. அதற்குள் சித்தி திருஷ்டி சுற்ற உப்பு எடுத்து வந்துவிட்டாள்.

கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனால் ராம் 4,800-இல் ஓடுகிறது. பெட்டியில் 6,000 என்று போட்டிருந்தாலும் எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்கிவிட்டால்தான் அந்த வேகம் வரும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை இயக்காமலே வருடக்கணக்கில் ஓட்டும் கணினிகளைப் பழுதுபார்க்கப் போன இடங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பழைய 150 டிபிஐ பேனரை வேண்டுமென்றே திறந்து பார்த்தோம். இருபது வினாடி. 72-க்கு மாற்றிய கோப்பு நான்கைந்து வினாடி. எஃபிஷியன்சி 100-இலேயே நின்றது. டீ போட நேரமில்லாமல் போய்விட்டது என்று தங்கச்சி குறைப்பட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு

அந்த வருடம் ஆடிதான் முதல் பரீட்சை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் ஆடித் தள்ளுபடியும் சேர்ந்து வரும்போது சேலத்துக் கடைகளில் பேனர் கேட்டு நெருக்குவார்கள். பிராசசரின் வெப்பம் வேலைக்கு நடுவில் 80-ஐத் தொட்டது, அதன் எல்லை 95. பரவாயில்லை. முன்பக்க ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருந்தது, மாதம் ஒருமுறை என்று நான் போட்ட கணக்கு தப்பு.

இன்னொரு கணக்கும் தப்பியது. கார்டு வேண்டாம் என்ற முடிவு ஐந்து மாதம்தான் தாங்கியது. தீபாவளி கேட்லாக்குக்கு மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்களில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல். அதை நீக்கும் ஏஐ வசதி ஃபோட்டோஷாப்பின் கேமரா ராவில் இருக்கிறது, ஆனால் அது முழுக்க முழுக்கக் கிராபிக்ஸ் கார்டை நம்பியது. உள்ளே இருந்த சின்ன கிராபிக்ஸில் ஒரு படத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆனது. இருநூறு படம் என்றால் ஒரு நாள் போய்விடும். புரட்டாசியில் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 25,000-க்கு வாங்கினோம். 170 வாட். 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் 1 கேவிஏ யுபிஎஸ்ஸும் அப்படியே தாங்கின. ஒரு படம் இருபது வினாடிக்குள் முடிகிறது. முதலிலேயே கேமரா ரா வேலையைப் பற்றி இன்னும் துருவிக் கேட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் முதலிலேயே வாங்கியிருந்தால் மானிட்டரில் கை வைத்திருப்போம் என்பதும் உண்மை.

ராமை 64-ஆக்கலாமா என்று 2025 கடைசியில் கேட்டாள். அதற்குள் டிடிஆர்5 விலை தாறுமாறாக ஏறிவிட்டது. எஃபிஷியன்சி எண் 100-ஐ விட்டு இறங்கும்வரை அந்தப் பேச்சையே எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். இன்னும் இறங்கவில்லை.

கலர் தப்பு என்று திரும்பி வரும் சேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. அரக்கு அரக்காகவே போய்ச் சேருகிறது. மயில் கழுத்துக்குத்தான் வழி கிடைக்கவில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வதால் அசைக்க அசைக்க நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கும். எந்த மானிட்டரில் என்ன திருத்தினாலும் ஒற்றைப் படத்தில் அது அடங்குவதில்லை. அந்தச் சேலைக்கு மட்டும் மாப்பிள்ளையை ஜன்னலோரம் நிற்கவைத்து, முந்தியை ஆட்டச் சொல்லி, பத்து வினாடி வீடியோ எடுத்து அனுப்புகிறாள்.